அம்மாவின் நீர் மாத்திரை

கொஞ்சம் நீளமான இழை இது. டீ ஏதாவது போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. வீட்டுல ஹார்ட் ஃபெயிலியர் இருக்கிற பெரியவங்க யாராவது இருந்தா, கடைசி வரை படிச்சிடுங்க.

போன வாரம் ஓபி முடியற நேரம். மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு தம்பதி. அவருக்கு எழுபதைத் தாண்டிருச்சு, ரிட்டயர்டு வாத்தியார். அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு. மூணு வருஷமா என்கிட்ட பாக்குறாங்க. இதயம் பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிருக்கு, மருந்துல நல்லாவே சமாளிச்சிட்டு இருக்காங்க.

சார் பையில இருந்து மடிச்சு வச்ச கலர் பிரிண்ட் அவுட் ஒண்ணை எடுத்து மேஜையில விரிச்சார். அகலமான ஒரு ஆறு, நடுவுல நாலு மாடி வெள்ளைக் கப்பல்.

"டாக்டரே, மகன் டிக்கெட் எடுத்திட்டான். மிசிசிப்பி ஆத்துல எட்டு நாளு. இவளக் கூட்டிட்டுப் போலாமா?"

மகன் அமெரிக்காவுல இருக்கார். அப்பா அம்மா அங்க போய் அபார்ட்மெண்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்க வேண்டாமேன்னு இந்த ஏற்பாடு. நல்ல பிள்ளை.

இந்த ஆத்துக் கப்பல் பயணம் பத்தி நம்ம ஊர்ல அதிகம் பேருக்குத் தெரியாது. குரூஸ்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது கடல்ல போற, ஐயாயிரம் பேர் ஏறுற, நீச்சல் குளமும் சூதாட்ட அறையும் உள்ள ராட்சதக் கப்பல். இது வேற. பெரும்பாலும் இருநூறு பேருக்குள்ள இருப்பாங்க, பெரிய கப்பல்னா முந்நூறு, நானூறு. ரெண்டு பக்கமும் கரை தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். சாயங்காலம் ஏதோ ஒரு சின்ன ஊர்ல கட்டுவாங்க, காலைல இறங்கி ஊரைச் சுத்திப் பாத்துட்டு மறுபடி ஏறலாம். மிசிசிப்பியில, ஒஹையோவுல, மேற்கே கொலம்பியா ஆத்துல எல்லாம் ஓடுது. மேல் மிசிசிப்பியில மட்டும் 29 இடத்துல ஆத்தைத் தடுத்து லாக் கட்டியிருக்காங்க. கப்பல் ஒரு தொட்டிக்குள்ள நுழையும், கதவை மூடித் தண்ணியை ஏத்தியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோய் விடுவாங்க.

விலை மட்டும் கேக்காதீங்க. அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. அமெரிக்காவுல 1886ல போட்ட ஒரு சட்டம் இன்னைக்கும் அமல்ல இருக்கு. அவங்க நாட்டுக்குள்ளயே ஒரு துறைமுகத்துல இருந்து இன்னொரு துறைமுகத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போகணும்னா, கப்பல் அந்த நாட்டுலயே கட்டினதா இருக்கணும், அந்த நாட்டுக்காரங்களுக்குச் சொந்தமா இருக்கணும். சல்லிசா வேற நாட்டுல கட்டிக் கொண்டுவந்து விட முடியாது. அதனால கப்பலும் கொஞ்சம், டிக்கெட்டும் ஆனை விலை. ஏறுறவங்கள்ல பாதிக்கு மேல ரிட்டயர் ஆன வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள். முட்டி வலியும் பிரஷர் மாத்திரை டப்பாவுமா.

நம்ம நாட்டுலயும் வந்தாச்சு. 2023 ஜனவரி 13ஆம் தேதி வாரணாசியில இருந்து கங்கா விலாஸ்னு ஒரு கப்பல் கிளம்புச்சே, செய்தியில பாத்திருப்பீங்க. 36 பேர் போகலாம். வங்கதேசம் வழியா அஸ்ஸாம்ல திப்ருகர் வரை 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர்.

சரி, சார் கேட்ட கேள்விக்கு வர்றேன். அவர் எதிர்பார்த்தது நான் எக்கோ ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, பிரஷர் பாத்துட்டு, 'போலாம்' இல்லன்னா 'வேண்டாம்'னு சொல்லுவேன்னு. நான் அவரை விட்டுட்டு அந்த அம்மா பக்கம் திரும்பினேன்.

"அம்மா, வெளியூர் போகும்போது அந்த நீர் மாத்திரையைப் போடுவீங்களா?"

அவங்க புருஷனைப் பாத்தாங்க. அப்புறம் தரையைப் பாத்தாங்க. பதில் வரல. பதில் வராததே பதில்.

இந்தக் கேள்வியை முதல்ல கேக்கணும்னு எனக்கு எந்த மெடிக்கல் காலேஜும் சொல்லித் தரல. சொல்லித் தந்தது என் அம்மா. அதுவும் ரொம்ப மோசமான ஒரு ராத்திரியில.

2018 ஜனவரி. அம்மாவுக்கு அப்ப 73 வயசு. அஞ்சு வருஷம் முன்னாடி மாரடைப்பு வந்து, அதுக்கப்புறம் இதயம் பலவீனமாகி, என் மேற்பார்வையிலயே மருந்து. காலைல ஃப்ரூசமைடு 40 மில்லிகிராம் ஒண்ணு. நம்ம ஆளுக நீர் மாத்திரைன்னு சொல்றது இதைத்தான். உடம்புல தேங்குற உப்பையும் தண்ணியையும் சிறுநீரகம் வழியா வெளிய தள்ளும். போட்ட ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சு ஆறு மணி நேரம் போல வேலை செய்யும். அந்த நேரத்துல நாலஞ்சு தடவை பாத்ரூம் போக வேண்டி வரும்.

அம்மா பிறந்தது தேங்காப்பட்டணம் பக்கம். அப்பா பூதப்பாண்டிக்காரர், வயலும் குளமுமா வளந்தவர். கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகியும் அம்மா பேசுறதைக் கேட்டு 'இது தமிழா மலையாளமா'ன்னு கிண்டல் பண்ணுவார். வெள்ளம்னா அப்பாவுக்கு மழைக்காலத்துல வர்றது. அம்மாவுக்கு டம்ளர்ல குடிக்கிறது.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை ரொம்ப நாளா இருந்துச்சு. வள்ளத்துல போகணும். கன்னியாகுமரியில விவேகானந்தர் பாறைக்குப் போற படகு இல்ல, அது பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். காலைல ஏறினா சாயங்காலம் இறங்குற மாதிரி, காயல்ல, கால்வாய்ல. அப்பா போனப்புறம் கேக்குறதையே நிறுத்தியிருந்தாங்க. ஒருநாள் நானே கேட்டேன், கொல்லத்துல இருந்து ஆலப்புழைக்குப் பகல் முழுக்கப் படகுல போலாமான்னு. முகத்தைப் பாக்கணுமே!

முந்தின நாள் நாகர்கோவில்ல ரயில் ஏறி கொல்லம். ராத்திரி அங்க தங்கினோம். காலைல கிளம்பும்போது கேட்டேன், "அம்மா, மாத்திரை போட்டாச்சா?"

"ஆங்."

அவ்வளவுதான். பத்தரை மணிக்குப் படகு.

அந்த வழி போகாதவங்களுக்காகச் சொல்றேன். அஷ்டமுடிக் காயல்ல ஆரம்பிக்கும். சீன வலைகள் வரிசையா நிக்கும். அப்புறம் கால்வாய் குறுகிப் போய் ரெண்டு பக்கமும் தென்னை, முற்றத்துல துணி துவைக்கிறவங்க முகம் தெரியுற அளவுக்கு நெருங்கிடும். சவறா தாண்டி காயங்குளம் காயல். திருக்குன்னப்புழையில நம்ம மிசிசிப்பி சமாச்சாரம் குட்டியா ஒண்ணு இருக்கு, சீப்புன்னு சொல்லுவாங்க. கடல் உப்புத்தண்ணி குட்டநாட்டு வயலுக்குள்ள ஏறிடாம இருக்க கட்டின லாக். படகு உள்ள போனதும் பின்னாடி கதவை மூடி, முன்னாடி திறக்கிறாங்க. அம்மா எழுந்து நின்னு பாத்தாங்க. சின்னப் பிள்ளை மாதிரி.

மத்தியானம் ஒரு கரையில சாப்பாட்டுக்கு நிறுத்தினாங்க. கரிமீன் பொரிச்சது, மாங்கா ஊறுகாய், ரெண்டு அப்பளம், உப்புப் போட்ட மோர். வழக்கமா உப்பைக் கணக்குப் பாக்குற நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. ஒருநாள்தானேன்னு விட்டுட்டேன். அம்மா தண்ணி மட்டும் குடிக்கல. கவனிச்சேன். தாகமா இல்ல போலன்னு நினைச்சேன்.

படகுல பாத்ரூம் இருந்துச்சு. பின்பக்கம். அங்க போகணும்னா இருபது ஆம்பிளைங்க காலைத் தாண்டி நடுவுல நடந்து போகணும். எட்டு மணி நேரத்துல அம்மா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பல. இதையும் நான் கவனிக்கல. நான் ரெண்டு தடவை போயிட்டு வந்தேன்.

ஆலப்புழையில லாட்ஜ் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் அம்மா நேரா பாத்ரூம் போனாங்க. வந்ததும் ஒரு செம்புத் தண்ணியை மடமடன்னு குடிச்சாங்க. அப்புறம் இன்னொரு செம்பு. ராத்திரி கஞ்சி, மறுபடி மோர்.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சு. அம்மா கட்டில்ல இல்ல. ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நாற்காலியில முன்னாடி குனிஞ்சு உக்காந்திருக்காங்க.

"மூச்சு எடுக்க முடியல்ல மக்களே."

ஸ்டெத்தை வீட்டுலயே வச்சிட்டுப் போயிருந்தேன். லீவாம். முதுகுல காதை வச்சேன். ரெண்டு பக்கமும் நுரையீரலோட அடிப்பகுதியில ஈர உப்பு பொரியுற மாதிரி சத்தம். சேலையைக் கொஞ்சம் மேல தூக்கிக் கணுக்காலை அமுக்கினேன். விரல் எடுத்த பிறகும் குழி அப்படியே நின்னுச்சு. அந்தக் கால் நாள் முழுக்க என் காலுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் தென்னை மரம் பாத்துட்டு இருந்தேன்.

என்ன நடந்துச்சுன்னு விளக்கிடறேன், இது முக்கியம். பலவீனமான இதயத்துக்கு உப்பும் தண்ணியும் கூடிட்டா தாங்காது. நீர் மாத்திரை அதை அன்னன்னைக்கு வடிச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. அதை நிறுத்தியாச்சு. மேல உப்புச் சாப்பாடு. உப்பு உள்ள போனா தாகம், தாகத்துக்கு சாயங்காலம் மொத்தமா தண்ணி. பகல்ல காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்ததால அந்த நீரெல்லாம் கால்ல இறங்கி நின்னுச்சு, அதனால பகல்ல தெரியல. ராத்திரி படுத்ததும் கால்ல இருந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி ஏறும். இதயம் அதைத் தள்ள முடியாம பின்னாடி நுரையீரல்ல தேங்கும். தண்ணிக்குள்ள மூழ்குற மாதிரிதான் இருக்கும், ஆனா கரையில, கட்டில்ல படுத்திருக்கும்போதே. தூக்கத்துல ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு மூச்சுத் திணறி எழுந்து உக்காருவாங்க. ஜன்னலைத் திறக்கச் சொல்லுவாங்க. இதை கேஸ் சிரிக்குறதுன்னு ஓம வாட்டர் குடுத்துப் படுக்க வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. படுக்க வைக்காதீங்க. காலைத் தொங்கவிட்டு உக்கார வைங்க, 108ஐக் கூப்பிடுங்க.

லாட்ஜ்காரப் பையன் ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடுத்தான். இருபது நிமிஷம். என் வாழ்க்கையில அவ்வளவு நீளமான இருபது நிமிஷம் வேற இல்ல. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சு, ஃப்ரூசமைடை நரம்பு வழியா ஊசியாப் போட்டு, பிரஷரைக் குறைக்க மருந்து ஓடவிட்டாங்க. விடியும்போது ட்யூப் வழியா ஒன்றரை லிட்டர் சிறுநீர் வடிஞ்சிருந்துச்சு. அம்மா சாஞ்சு உக்காந்தபடியே தூங்கினாங்க.

காலைல டியூட்டி டாக்டர், சின்னப் பொண்ணு, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு மலையாளத்துல கேட்டா, நீர் மாத்திரை போட்டீங்களான்னு. அம்மா தயங்கவே இல்ல.

"ரெண்டு திவசமா போடல்ல மோளே. ரயிலு, பின்ன வள்ளம். எங்க போவேன்?"

நான் பக்கத்துலதான் நிக்கிறேன். கோவம் வந்துச்சு. ஐசியூன்னுகூடப் பாக்காம சத்தம் போட்டேன், "நான் கேட்டப்ப போட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"ஏது மாத்திரைன்னு நீ கேக்கல்லியே. சுகருக்கும் பிரஷருக்கும் உள்ளத போட்டேன். நான் கள்ளம் பறயல்ல."

நியாயம்தானே. அம்மா பொய் சொல்லல. நான்தான் கேள்வி கேக்கத் தெரியாம கேட்டிருக்கேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

மூணு நாள் கழிச்சு டிஸ்சார்ஜ். வர்ற வழி முழுக்க நான் பேசல. அம்மாவும் பேசல. நெய்யாற்றின்கரை தாண்டும்போது மெதுவா கேட்டாங்க, "இனி என்னைய வள்ளத்துல கூட்டிட்டுப் போவியா?"

அப்ப நான் பதில் சொல்லல. ஒரு வருஷம் ஆச்சு பதில் சொல்ல.

அம்மா நிஜமா கேட்டது கொல்லமும் ஆலப்புழையும் இல்ல, அது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. அவங்க மனசுல இருந்தது ஏவிஎம் கால்வாய்.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கே இப்ப இது பாதிப் பேருக்குத் தெரியாது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். பத்மநாபசுவாமி பேர்ல அனந்தன், இங்கிலாந்து ராணி பேர்ல விக்டோரியா, ராஜா பேர்ல மார்த்தாண்டம். மூணு பேரையும் திருப்திப்படுத்திப் பேர் வச்சிருக்காங்க. 1860ல திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆரம்பிச்சார். திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோட தண்ணி வழியா இணைக்கிறது கனவு. அதே வருஷம் ராஜா காலமாயிட்டார். பூவாறுல இருந்து தேங்காப்பட்டணம் வழியா குளச்சல், மண்டைக்காடு பக்கம் வரை துண்டு துண்டா வெட்டினாங்க. கன்னியாகுமரி வரைக்கும் போய்ச் சேரவே இல்ல. வடக்கே அதே ராஜ்ஜியம் வர்க்கலைக் குன்றைக் குடைஞ்சு ரெண்டு சுரங்கம் போட்டுக் கால்வாயை அந்தப் பக்கம் கொண்டுபோச்சு. தெக்கே நம்ம பக்கம் பாதியில நின்னுருச்சு.

நின்ன வரைக்கும் ஓடுச்சு. தேங்கா, கயிறு, மரச்சீனி, உப்பு எல்லாம் வள்ளத்துல போச்சு. நீரோடியில இருந்து இரையுமன்துறை வரைக்கும் உள்ள கடற்கரை ஊருங்களுக்கு மேற்கே கடல், கிழக்கே இந்தக் கால்வாய். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தப்போ, கால்வாயோட ஒரு முனை கேரளாவுல, மீதி இங்கன்னு ஆகிப்போச்சு. ரோடு வந்துச்சு, பஸ் வந்துச்சு. கால்வாய் தூர்ந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, கேளுங்க. 2016ல நாடாளுமன்றத்துல தேசிய நீர்வழிகள் சட்டம் வந்துச்சு. மொத்தம் 111 நீர்வழி. கணக்குக்கு எல்லாம் சேத்தா சுமார் 20,000 கிலோமீட்டர். அமெரிக்காவுல சரக்குக் கப்பல் ஓடுற உள்நாட்டு நீர்வழி எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே நீளம். அந்தப் பட்டியல்ல 13ஆம் நம்பர் எது தெரியுமா? நம்ம ஏவிஎம் கால்வாய்தான். பூவாறு முதல் இரையுமன்துறை வரை, சுமார் 11 கிலோமீட்டர். மிசிசிப்பிக்கு அங்க என்ன அந்தஸ்தோ, அதுதான் இங்க இதுக்கும், காகிதத்துல. தூர்வாரப் போறாங்கன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா செய்தி வரும், நானும் ஆசையா படிப்பேன். மழைக்காலத்துல அந்தத் தேங்கின தண்ணியில காலை வச்சிட்டுக் காய்ச்சலோட வர்றவங்களுக்கு எலிக்காய்ச்சல் டெஸ்ட் எழுதிக்கிட்டே படிப்பேன்.

2019 பிப்ரவரி. அம்மாவைக் கூட்டிக்கிட்டு பூவாறு போனேன். இந்தத் தடவை பிளான் பண்ணிதான். காலைல ஒன்பது மணிக்குப் படகு, ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல கிடையாது. நீர் மாத்திரையை நிறுத்தல, நேரத்தை மட்டும் மாத்தினேன். காலைக்குப் பதிலா திரும்பி வந்து மூணு மணிக்கு. பெரும்பாலானவங்களுக்கு இப்படி மாத்திக்கலாம், ஆனா அவங்க டாக்டரைக் கேட்டுட்டு. ஏறும் முன்னாடி படகுத்துறை பக்கத்துல ஒரு வீட்டுல கேட்டு அம்மாவைப் பாத்ரூம் போக வச்சேன். அந்த வீட்டுக்கார அக்கா அதை ஒரு பெரிய விஷயமாவே எடுத்துக்கல. பைல ஸ்டெத் இருந்துச்சு.

பூவாறுல படகுக்காரங்க ஒரு வழக்கமான சுத்து வச்சிருக்காங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள நுழைஞ்சு, நெய்யாறு கடல்ல சேர்ற பொழியைக் காட்டி, மணல்திட்டுல கொஞ்ச நேரம் இறக்கிவிட்டுக் கூட்டிட்டு வருவாங்க. அம்மாவுக்கு அதுல எல்லாம் மனசு இல்ல. படகுக்காரர்கிட்ட நேரா கேட்டாங்க, ஏவிஎம் எங்கன்னு.

அவர் அம்மாவை ஒரு மாதிரி பாத்துட்டு, தெக்கே திருப்பிக்கொண்டு போனார். கால்வாய் வாய் தெரிஞ்சுது. உள்ள கொஞ்ச தூரம் தண்ணி. அதுக்கப்புறம் ஆகாயத்தாமரை, கண்ணுக்கு எட்டுற வரை பச்சை. அது மேல நடந்து போயிடலாம் போல இருந்துச்சு. இன்னும் உள்ள போக முடியுமான்னு கேட்டேன். புரொபெல்லர்ல சுத்திக்கும் சாரேன்னு சிரிச்சார். இஞ்சினை அணைச்சார். படகு சும்மா மிதந்துச்சு.

அம்மா அந்தப் பச்சையைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. ஒன்பது வயசு இருக்குமாம், 1953 வாக்கில. பூவாறுல சித்திக்குக் கல்யாணம். தேங்காப்பட்டணத்துல இருந்து வீட்டுக்காரங்க எல்லாரும் ரெண்டு வள்ளத்துல வந்தாங்க. தாத்தா மூங்கில் கழையை ஊன்றித் தள்ளிக்கிட்டு வர்றார். வெயில் ஏறுது. ஆம்பிளைகளுக்கும் பையன்களுக்கும் இளநி வெட்டிக் குடுத்தாங்க.

"எனக்க அம்மை எனக்கு ஒரு சொட்டு வெள்ளம் தரல்ல. நா வறண்டு போச்சு. அழுதேன். குடிச்சா பின்ன போணும், வள்ளத்துல பொம்பளப் பிள்ள எங்க போவும்னு சொல்லிச்சு. அவியளும் குடிக்கல்ல. பூவாறு எத்துன பெறவுதான் எல்லாவளும் கிணத்தடிக்கு ஓடினோம்."

சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

அறுபத்தஞ்சு வருஷம். எனக்குத் தெரியாம போச்சேன்னு நான் ஐசியூவுல கத்தினது, அவங்க ஒன்பது வயசுல படிச்ச பாடம். ரயிலுக்கு முன்னாடி, கல்யாண வீட்டுக்கு முன்னாடி, சபரிமலை சீசன்ல பஸ் ஏறும் முன்னாடி, எத்தனை தடவை வாய் வறண்டு உக்காந்திருப்பாங்களோ. நான் கூடவே இருந்திருக்கேன்.

அம்மா என் பையில இருந்து தண்ணி பாட்டிலை அவங்களே எடுத்தாங்க. ரெண்டு மடக்கு குடிச்சிட்டு மூடியைத் திருகி வச்சாங்க. "போலாம் மக்களே"ன்னாங்க. 2022ல அம்மா போயிட்டாங்க. இதயம் காரணம் இல்ல, வேற.

இப்ப வாத்தியார் தம்பதிக்கு வருவோம். போகச் சொல்லிட்டேன். ஆமா, போகலாம். எக்கோ நிலையா இருக்கு, ஆறு மாசமா எடை ஏறல, வீட்டு மாடிப்படி நிக்காம ஏறுறாங்க. ஆத்துல அலை கிடையாது, குமட்டல் தொந்தரவும் ரொம்பக் குறைவு. கரை எப்பவும் பக்கத்துல. ஆனா ஒண்ணு. இந்தச் சின்ன ஆத்துக் கப்பல் பலதுல கடல் கப்பல்ல இருக்கிற மாதிரி டாக்டர் இருக்க மாட்டாங்க. முதலுதவி தெரிஞ்ச ஊழியர்கள் இருப்பாங்க, ஏதாவதுன்னா கரையில நிறுத்தி 911 கூப்பிடுவாங்க. அதனால டிக்கெட் எடுத்த கம்பெனியில முதல்லயே கேட்டு வைக்கச் சொன்னேன். இன்சூரன்ஸ் எடுக்கும்போது இதய நோய் இருக்குன்னு மறைக்காம எழுதணும். மறைச்சா பணம் வராது, அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லை நம்ம வாத்தியார் பென்ஷன் தாங்காது. மருந்துச் சீட்டுல கம்பெனிப் பேர் இல்லாம மருந்தோட பேர் எழுதிக் குடுத்தேன். ஃப்ரூசமைடு அங்கயும் ஃப்ரூசமைடுதான், நம்ம பாராசிட்டமால் அங்க அசிட்டமினோஃபென். மாத்திரை எல்லாம் கைப்பையில, லக்கேஜ்ல போடவே கூடாது.

ஒரு சின்ன எடை மெஷின் கொண்டுபோகச் சொன்னேன். வாத்தியார் சிரிச்சார். நான் சிரிக்கல. தினமும் காலைல பாத்ரூம் போயிட்டு, சாப்பிடும் முன்னாடி ஏறி நிக்கணும். ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல, இல்ல மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடினா அது சதை இல்ல, நீர். உடனே எனக்கு மெசேஜ், ராத்திரி எத்தனை மணி ஆனாலும். அங்க சூப்புலயும் பதப்படுத்தின கறியிலயும் உப்பு மறைஞ்சிருக்கும், நாக்குக்குத் தெரியாது. கரையில இறங்கிச் சுத்திப் பாக்கப் போற நாள்ல நீர் மாத்திரையைத் திரும்பி வந்த பிறகு போடலாம், விடக்கூடாது. கப்பல்ல ஏறி இறங்குற சாய்வுப் பலகையில கைப்பிடியைப் பிடிச்சுத்தான் நடக்கணும். வயசானவங்க பயணம் கெட்டுப்போறது பெரும்பாலும் இதயத்தால இல்ல, இந்த மாதிரி ஒரு படியில வழுக்கி விழுறதாலதான்.

பிளைட்டைப் பத்தித் தனியா ஒரு இழை எழுதணும். இருபது மணி நேரம், ஜன்னல் சீட்டு, பக்கத்துல ரெண்டு அந்நிய ஆம்பிளைங்க. நடைபாதை ஓர சீட்டை இப்பவே புக் பண்ணச் சொல்லி மகனுக்கு நானே மெசேஜ் போட்டேன்.

எல்லாம் முடிஞ்சு வாத்தியார் கதவைத் திறந்து வெளிய போயிட்டார். அந்த அம்மா மட்டும் பர்ஸைத் தேடுற மாதிரி நின்னாங்க. அப்புறம் குரலைத் தணிச்சு, "டாக்டரே, அந்தக் கப்பல்ல அது... ரூமுக்கு உள்ளயே இருக்குமா? கதவுக்கு உள்பக்கம் கொண்டி உண்டா?"

மேஜையில அந்த பிரிண்ட் அவுட் அப்படியே கிடந்துச்சு, மறந்து வச்சிட்டுப் போயிருக்கார். ரெண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். அறையோட படம், அதுக்குக் கீழ ஓரத்துல சின்னதா பாத்ரூம் படம். கண்ணாடிக் கதவு, வெள்ளைப் பீங்கான், கைப்பிடிக் கம்பி. அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சு, ரொம்ப நேரம் பாத்தாங்க.